திருநெல்வேலியிலிருந்து ஒமேகா சென்டாரி பார்ப்பது எப்படி?

வானம் பார்க்கத் தொடங்குகிறவர்கள் கையில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக எழுதியவை. முதலில் ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் மண்டலத்தை (கேலக்ஸி) தேடச் சொல்வார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது வேறு: ஒமேகா சென்டாரியில் தொடங்குங்கள்.

வானத்திலேயே மிகப் பிரகாசமான உருண்டை விண்மீன் கொத்து இதுதான். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில், ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் ஒன்றாகத் திரண்டு கிடக்கின்றன. லண்டனில் இது உதிப்பதே இல்லை. டெல்லியில் அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு (டிகிரி) மேல் ஏறாது, அந்த உயரத்தில் புழுதியே பாதியை மறைத்துவிடும். நம் திருநெல்வேலியில் 34 பாகை உயரம் வருகிறது. சென்னைக்காரர்களைவிடவும் நமக்குத்தான் வசதி.

எப்போது, எங்கே

சித்திரையும் வைகாசியும்தான் சரியான மாதங்கள். சித்திரை பிறக்கும்போது நள்ளிரவு 12.15 வாக்கில் நேர் தெற்கில் உச்சத்துக்கு வரும். வைகாசி பிறக்கும்போது இரவு 10.15, ஆனி பிறக்கும்போது 8.15. ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முந்தும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனியில் சாரல் மேகம் வந்துவிடும் என்பதால் வைகாசியைத் தவற விடாதீர்கள். கோடை மழை பெய்து ஓய்ந்த இரவு கிடைத்தால் விடவே கூடாது, தூசி அடங்கி வானம் பளிச்சென்று இருக்கும்.

அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் நல்லது. சித்திரா பௌர்ணமியன்று வேண்டவே வேண்டாம். நாம் வழிகாட்டியாக எடுக்கப்போகும் சித்திரை விண்மீன் பக்கத்திலேயே அன்று முழு நிலா நிற்கும்.

இடத்தைப் பொறுத்தவரை தெற்குப் பக்கம் விளக்கு இல்லாமல் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்குநேரி, திசையன்விளை பக்கத்துத் தோட்டங்கள் அருமை. உவரிக் கடற்கரையில் நின்றால் தெற்கே கடல் மட்டும்தான். அம்பை, கல்லிடைக்குறிச்சி, களக்காடு பக்கம் மேற்கிலும் தென்மேற்கிலும் மலை மறைக்கும், அதனால் உச்சம் தாண்டுவதற்குள் பார்த்துவிடுங்கள். மலையடிவாரத்துக்குள் இரவில் போகாதீர்கள், கரடி நடமாட்டம் உண்டு. கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் கடற்படைத் தளம் ஆகியவற்றின் பக்கம் பைனாகுலரோடு நிற்பதும் சரிவராது. எங்கே போனாலும் துணைக்கு ஒருவரும், பூச்சி பொட்டு பார்க்க ஒரு டார்ச்சும் அவசியம். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிவிடுங்கள்.

கருவி என்று பார்த்தால் 10x50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மி.மீ. அகலம்) போதும்.

தேடுவது

போய் நின்றதும் செல்போனை உள்ளே வைத்துவிட்டு 20 நிமிடம் சும்மா இருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி பார்த்தாலும் திரும்ப முதலிலிருந்துதான்.

அப்புறம் வடக்கே திரும்பி சப்தரிஷி மண்டலத்தைப் பிடியுங்கள். அதன் வால் வளைந்து போகும் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி வரும். இன்னும் நீட்டினால் நீலம் கலந்த வெள்ளையில் சித்திரை. தெற்கே பார்த்து நிற்கும்போது சித்திரைக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே நான்கு விண்மீன்கள் கோணலான சதுரமாக நின்றால், அது அஸ்தம்; நீங்கள் பிடித்தது சித்திரைதான்.

இனி நம் ஊர்க்காரர்களுக்கென்றே அமைந்த வசதி ஒன்று. ஒமேகா சென்டாரி சித்திரைக்கு நேர் கீழே, அதே தென்வடல் கோட்டில் இருக்கிறது. சித்திரை நேர் தெற்கில் உச்சத்தில் நிற்கும்போது அதன் உயரம் 70 பாகை. அங்கிருந்து செங்குத்தாக அடிவானம் வரை இறங்குங்கள். ஏறக்குறைய சரிபாதியில் நம் கொத்து. கையை முழுக்க நீட்டி விரல்களை மடக்கினால் முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. அடிவானத்திலிருந்து மூன்றரை முஷ்டி ஏற வேண்டும்.

இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே மங்கலான, கொஞ்சம் கலங்கிய விண்மீன் போலத் தெரியும். பாளையங்கோட்டை மொட்டை மாடியிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பைனாகுலரில் சிக்கும்.

சிக்கவில்லையா? கீழிருந்து வாருங்கள். தெற்கில் தாழ்வாக இரண்டு பிரகாசமான விண்மீன்கள் பக்கம் பக்கமாக இருக்கும். இடப்பக்கம் ஆல்ஃபா சென்டாரி, வலப்பக்கம் பீட்டா சென்டாரி. அவற்றுக்கும் வலப்பக்கம் திரிசங்கு என்று நாம் சொல்லும் தென்சிலுவை. பீட்டாவிலிருந்து மேலே, சற்று வலமாக ஏறினால் எப்சிலான் சென்டாரி. அதே கோட்டில் கிட்டத்தட்ட அதே தூரம் இன்னொரு தடவை ஏறினால் ஒமேகா.

பார்ப்பது

பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, சாய்மானத்தின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றுங்கள். 34 பாகை உயரத்துக்கு இது கச்சிதம், கழுத்தும் வலிக்காது. கை நடுங்கினால் கொத்து வெறும் கோடாகத்தான் தெரியும்.

விண்மீன்கள் எல்லாம் கூர்மையான புள்ளிகளாக இருக்க, ஒன்று மட்டும் பஞ்சு உருண்டை மாதிரி, நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் கரைந்தும் நிற்கும். நேராக உற்றுப் பார்க்காமல் அதன் ஓரமாகப் பார்வையை வையுங்கள்; உருண்டை இன்னும் அகலமாகும். நிதானமாகப் பார்த்தால் அது முழு வட்டம் அல்ல, லேசாகத் தட்டையானது என்பதும் பிடிபடும். 6 அங்குலத் தொலைநோக்கியில் 100 மடங்கு பெரிதாக்கினால் ஓரங்கள் பொடிப்பொடி விண்மீன்களாக உடையும். முதல் தடவை அதைப் பார்ப்பவர்கள் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

பழைய கிரேக்க வானியல் அறிஞர் தாலமி காலத்தில் இதை ஒற்றை விண்மீன் என்றே எண்ணினார்கள். 1603இல் ஜெர்மானியரான பேயர் விண்மீன்களுக்கு வைத்த வரிசையில் 'ஒமேகா' என்ற எழுத்தைக் கொடுத்ததும் அப்படித்தான். இது விண்மீன் அல்ல என்று 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்துக் குறித்தவர் ஆங்கிலேய வானியல் அறிஞர் எட்மண்ட் ஹாலி. 2024இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களை ஆராய்ந்தவர்கள், இதன் நடுவே சூரியனைப்போல் குறைந்தது 8,200 மடங்கு எடையுள்ள கருந்துளை இருப்பதற்கான சான்றைச் சொன்னார்கள். நம் பால்வழி விழுங்கிய ஒரு சிறு விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதிதான் இது என்று பலர் கருதுவதற்கு அது வலு சேர்க்கிறது.

ஒமேகா பழகிவிட்டால், அங்கிருந்து நேர் மேலே நாலரை பாகை, அதாவது அரை முஷ்டிக்குச் சற்றுக் குறைவாக ஏறுங்கள். சென்டாரஸ் ஏ என்ற விண்மீன் மண்டலம் அங்கே இருக்கிறது, 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில். இதற்கு ஊர் வெளிச்சம் ஆகாது, திசையன்விளைப் பக்கம்தான் போக வேண்டும்.