உபுண்டு அப்கிரேடுக்குப் பிறகு லேப்டாப் எழவில்லையா? ஃபார்மட் அடிக்காதீர்கள்

போன மாதம் மச்சான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளமான உபுண்டு, 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாறும்போது சார்ஜர் கழன்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பேட்டரி தீர்ந்து பாதியில் அணைந்துவிட்டது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வரிவரியாக எழுத்து, கடைசியில் "கெர்னல் பேனிக்", அதாவது சிஸ்டம் மேலே நகர முடியாமல் நின்றுவிட்டது. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

"எல்லாம் போச்சா மாப்ள? ஃபார்மட் அடிச்சிடலாமா?"

வேண்டாம். படம், பாட்டு, கணக்கு எல்லாம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

முதல் வேலை: திரையை போனில் ஒரு படம் எடுங்கள். "அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்" என்று ஒரு வரி இருந்தால் பயப்படாதீர்கள், டிஸ்க் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. கெர்னல் என்பது சிஸ்டத்தின் அடிமட்ட இயக்கி. அது எழுந்ததும் டிஸ்க்கைத் திறக்க இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னக் கோப்பு வேண்டும். அப்கிரேடு பாதியில் நின்றதால் புதிய 6.8 கெர்னல் வந்துவிட்டது, அதற்கான கோப்பு உருவாகவில்லை. வாசல்வரை வந்தாயிற்று, சாவிதான் இல்லை.

ஆனால் பழைய 5.15 கெர்னலும் அதன் சாவியும் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. புதுசு வந்தவுடன் உபுண்டு பழசை அழித்துவிடாது. நம்மைக் காப்பாற்றப்போவது அதுதான்.

இரண்டாவது: சார்ஜரைச் செருகி (இந்த முறை உறுதியாக!) ரீஸ்டார்ட் செய்யுங்கள். நிறுவனத்தின் லோகோ மறைந்ததும் எஸ்கேப் விசையை ஒரே ஒரு தட்டு. பயாஸ் என்ற பழைய தொடக்க முறையில் எழும் மெஷின் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். எந்தக் கெர்னலில் எழுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு வரும். அவசரத்தில் எஸ்கேப்பைப் படபடவென்று தட்டினால் மெனுவுக்குப் பதில் "கிரப்" என்ற சொல் மட்டும் நிற்கும். எனக்கே இரண்டு முறை அப்படி ஆனது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி மறுபடி முயலுங்கள்.

மூன்றாவது: மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" உள்ளே போங்கள். ஒவ்வொரு கெர்னலுக்கும் இரண்டு வரி இருக்கும். எண் குறைவாக உள்ள கெர்னலில் "ரெகவரி மோட்" (பழுதுபார்க்கும் முறை) என்று முடியும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவதுதான் உண்மையான வைத்தியம். கொஞ்ச நேரம் எழுத்து ஓடியபின் ஒரு சின்னப் பட்டியல் வரும். முதலில் "நெட்வொர்க்". விடுபட்ட பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) இறக்க இணையம் வேண்டும். இந்த நிலையில் வைஃபையை நம்பாதீர்கள், ரவுட்டரிலிருந்து கேபிள் இழுப்பது உத்தமம். அடுத்து "டிபிகேஜி". இது பாதியில் நின்ற பேக்கேஜ்களை எடுத்து நிறுவி முடிக்கும், சாவிக் கோப்பும் இங்கேதான் உருவாகும். ஒய், என் என்று கேட்டால் ஒய். மச்சான் இரண்டு காபி குடித்து முடிக்கும்வரை ஓடியது. நடுவில் அணைக்கக் கூடாது என்று மட்டும் காவலிருந்தோம். அது முடிந்ததும் "கிரப்" என்பதைத் தேர்ந்தெடுத்து மெனுவைப் புதுப்பியுங்கள்.

டிஸ்க்கில் இடமில்லை என்று புலம்பினால் மட்டும் "கிளீன்" பக்கம் போங்கள். இல்லையென்றால் தொடவேண்டாம்; பழசைக் கழிக்கிற வேலை அது, நமக்கோ இப்போது பழசுதான் துணை.

ஐந்தாவது: "ரெஸ்யூம்" கொடுத்து டெஸ்க்டாப் வந்தாலும் ஒருமுறை முழுதாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரெகவரி வழியாக வரும்போது சில கிராஃபிக்ஸ் டிரைவர்கள் சரியாக வேலை செய்யாது. இந்த முறை எந்த விசையும் தட்டாமல் விடுங்கள், 6.8 தானாக எழவேண்டும்.

ரெகவரி மோடே வரவில்லையா? வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டுவை எழுதி, அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் "ட்ரை உபுண்டு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் டிஸ்க்கைத் திறந்து வேண்டியதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகுதான் மறுபடி நிறுவுவதைப் பற்றி யோசிக்கவேண்டும்.

மச்சானுக்கு அதுவரை போகவில்லை. லாகின் திரை வந்ததும் முதல் காரியமாகக் குனிந்து சார்ஜர் பிளக்கைத் தொட்டுப் பார்த்தார்.