கவியரங்கம் வைக்கப் போகிறீர்களா?

எங்கள் நூலக வாசகர் வட்டத்துக்குக் கவியரங்கம் ஏற்பாடு செய்து தருவது நான்தான். கவிதை கேட்க யார் வருவார்கள் என்று பயப்படாதீர்கள். வருகிறவர்கள் வாழ்த்துரையிலேயே களைத்து எழுந்து போவதுதான் பிரச்சினை. அதனால் பிரமுகர்களை முதலில் பேச விடாதீர்கள். இரண்டு கவிஞர்கள் வாசித்த பிறகு கவுன்சிலருக்கு மூன்று நிமிடம் கொடுங்கள். அதற்குள் கூட்டம் சேர்ந்திருக்கும், அவருக்கும் சந்தோஷம்.

டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள், ஏப்ரல் 29 பாரதிதாசன் பிறந்தநாள். அன்றைக்கே வைத்தால் நல்ல கவிஞர்கள் வேறு மேடையில் இருப்பார்கள். அடுத்து வரும் ஞாயிறு மாலை போதும். பாரதி பாட்டு ஒன்றைத் துண்டறிக்கையாக அச்சடித்துக் கொடுங்கள். 1949-லேயே அவர் எழுத்தை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

தலைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. 'தமிழே உயிரே' என்று கொடுத்தால் ஐந்து பேரும் ஒரே கவிதையைக் கொண்டுவருவார்கள். 'எங்கள் ஊர்ப் பேருந்து நிலையம்' என்று பொதுத்தலைப்பு வைத்து, ஒருவருக்குப் பூக்கடை, ஒருவருக்குக் கட்டணக் கழிப்பறை, இன்னொருவருக்குத் தண்ணீர் வராத குழாய் என்று பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். நகராட்சிப் பொறியாளருக்கு முன்வரிசையில் இடம் போடுங்கள். குழாயைப் பற்றி எத்தனையோ மனு கொடுத்திருப்போம். மேடையில் ஒரு வெண்பாவாக வந்து, கூட்டம் 'இன்னொரு தடவை' என்று கேட்டால் அவர் நெளியத்தான் வேண்டும். கவிஞருக்கு இன்று ஊரில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

தலைமைக் கவிஞரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரையும் நான்கு வரியில் அழைப்பதுதான் அவர் வேலை. சிலர் அழைப்புக்கே நாற்பது வரி எழுதிவருவார்கள், முன்பே சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு ஏழு நிமிடம். வரிகளை இரண்டு முறை சொல்வது மேடை மரபு என்பதால் அறுபது வரிக்குமேல் வேண்டாம். புதுக்கவிதைக்காரர்கள் பெரும்பாலும் தாழ்ந்த குரலில்தான் வாசிப்பார்கள், மைக்கை முன்னதாகவே சோதித்துவிடுங்கள்.

அப்புறம், பணம். பொன்னாடை போர்த்தி அனுப்புவது மரியாதை என்று நினைக்கிறோம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பீரோ பொன்னாடை வைத்திருப்பார்கள். அந்தக் காசையும் சேர்த்துக் கவரில் போட்டு, வந்தவுடனேயே கொடுத்துவிடுங்கள். வெளியூர்க்காரரிடம் திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு, வாசிக்கும் வரிசையை அதற்கேற்ப மாற்றுங்கள்.