கூலியை மட்டும் கணக்குப் பார்த்துக் காரைப் பிரிக்காதீர்கள்

காரில் ஏதாவது வேலை வந்ததும் பலரும் முதலில் கேட்பது, "மெக்கானிக் எவ்வளவு கேட்பார்?" என்றுதான். அதைவிட முந்தி யோசிக்க வேண்டியது, கை பிசகினால் என்ன ஆகும் என்பதை. வைப்பர் பிளேடைத் தப்பாக மாட்டினால் கண்ணாடி சரியாகத் துடைக்காது, அவ்வளவுதான். பிரேக்கில் பிசகினால் கொடைக்கானல் மலைப்பாதையில் வைத்துத்தான் தெரியவரும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கிவிடும். மலையிலிருந்து வத்தலக்குண்டு வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும். பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. புது ஆயில் ஊற்றும்போது லைனில் காற்று தங்கினாலும் இதே கதிதான். வீடியோவில் பார்க்க எளிதாக இருக்கிறதே என்று இதில் இறங்க வேண்டாம். ஸ்டீயரிங், ஏர்பேக், ஏசி கேஸ் வேலைகளும் அப்படியே.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஏர் ஃபில்டருக்குக்கூட ஒர்க் ஷாப் போவது. பெரும்பாலான கார்களில் கிளிப்பையோ நாலு ஸ்க்ரூவையோ கழற்றினால் கையில் வந்துவிடும். உசிலம்பட்டிப் பக்கம் மண்பாதையில் தினமும் ஓடும் வண்டியில், கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அது அடைத்துவிடும்.

டயர் காற்றும் நாமே பார்க்க வேண்டியதுதான். ஆனால் சித்திரை வெயிலில் டயர் வெடிக்குமென்று காற்றைக் குறைத்து வைக்கிறார்களே, அதுதான் ஆபத்து. காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கி, இன்னும் சூடேறும். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று இருக்கிறதா என்று, வண்டி ஓடும் முன் காலையிலேயே பார்த்து வையுங்கள்.

ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றுவதும் நம் ஊரில் சகஜம். அந்த உப்புத் தண்ணீரால் உள்ளே படிவு கட்டும், துருவும் பிடிக்கும். கையேட்டில் சொன்ன கூலன்ட்டையே ஊற்றுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும்.

இன்ஜின் ஆயில் மாற்றுவது நடுவில் நிற்கிற வேலை. செய்யலாம், ஆனால் ஸ்டெப்னி மாற்றத் தந்த ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டு வேண்டும். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது முரட்டுத்தனமாக இறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் மிச்சம் பிடித்த கூலியைப் போல பல மடங்கு செலவு. வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற இத்தனை சாமான் வாங்குவதில் லாபமில்லை என்பது என் எண்ணம். கழிவு ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் இருந்தால் சரி.

மெக்கானிக்கிடம் போனாலும், "எல்லாத்தையும் ஒரு பார்வை பாத்துருங்கண்ணே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் பில் நீளத்தான் செய்யும். சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது, வண்டி சூடான பிறகா, திருப்பும்போதா என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாரண்டி இருக்கிற வண்டியென்றால், நீங்களே மாற்றிய ஃபில்டரின் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.