காலையில் மறுத்து, பிற்பகலில் இயங்கும் படகு எஞ்சின்: பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

மட்டக்குளியில், களனி ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகே எனது 18 அடிக் கண்ணாடியிழைப் படகைக் கட்டி வைத்திருக்கிறேன். அதிலுள்ள 15 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சின், காலையில் இருபது முறை கயிறு இழுத்தாலும் அசையாமல் இருந்துவிட்டு, அன்று பிற்பகலே முதல் இழுப்பில் இயங்கிவிடும். இதற்காகப் பிளக்குகளை மாற்றினேன். காபரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன். ஒவ்வொரு முறையும் அது இயங்கியதால் பழுது தீர்ந்தது என்று நம்பினேன். உண்மையில், வேலையை நான் முடித்த நேரம் பிற்பகலாக இருந்தது; அவ்வளவுதான்.

ஆகவே முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இது: விட்டுவிட்டு வரும் பழுதை, எஞ்சின் மறுக்கும் அந்த நேரத்திலேயே சோதிக்க வேண்டும். கருவிகள் வீட்டில் இருந்தால் பயனில்லை. பிளக் கழற்றும் 21 மில்லிமீற்றர் குழாய்ச் சாவி, இறப்பர்ப் பிடியுள்ள குறடு, ஒரு திருப்புளி, மல்ரிமீற்றர், மூடியுள்ள சிறிய கண்ணாடிப் போத்தல் ஆகியவற்றை நீர் புகாத பெட்டியில் படகிலேயே வைத்திருங்கள். மல்ரிமீற்றரில் இலக்கம் காட்டுவதைவிட ஊசி ஆடும் பழைய வகையையே நான் விரும்புகிறேன். நிலையற்ற தொடர்பை ஊசியின் துடிப்பு உடனே காட்டிவிடும்.

நிறுத்தும் சுவிட்சில், ஓட்டுபவர் விழுந்தால் கழன்று எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கிளிப் மாட்டியிருக்கிறது, கியர் நியூட்ரலில் இருக்கிறது, ரேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறது, சோக் இழுத்திருக்கிறது என்று கொண்டு மேலே செல்கிறேன்.

அடுத்து, பிளக்கில் மின்பொறி வருகிறதா என்று பாருங்கள். பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் தொப்பிகளில் மீண்டும் செருகி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினின் வெற்று உலோகத்தில் நன்றாகப் படும்படி குறட்டால் பிடித்துக்கொண்டு, மற்றொருவரைக் கயிறு இழுக்கச் சொல்லுங்கள். பிளக் துளைகளிலிருந்து பெற்றோல் ஆவி பீறிடும் என்பதால், பிளக்கைத் துளைக்கு அருகே பிடிக்கவே கூடாது. தொப்பியை வெறுமனே தொங்கவிட்டு இழுத்தால், பொறிக்கான மின்சாரத்தைத் தேக்கி உரிய நேரத்தில் விடும் சி.டி.ஐ. பெட்டி கெட்டுப்போகலாம் என்பதால், இரண்டு பிளக்குகளும் உலோகத்தில் பட்டிருக்க வேண்டும். நிழலில் பார்த்தால் வலுவான நீலப் பொறி தெரியும். மங்கிய மஞ்சள் நிறமோ, ஒன்றுமே தெரியாமலோ இருந்தால் பழுது மின்சாரப் பக்கத்தில் இருக்கிறது. புதிய பிளக் வாங்கும்போது எண்ணை முழுமையாகப் பாருங்கள்: என்.ஜி.கே. பி7எச்எஸ்-10 என்பதன் இறுதியிலுள்ள 10, இடைவெளி 1.0 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கிறது.

நான் மாதக்கணக்கில் தடுமாறியது இதற்கு அடுத்த படியில்தான். நிறுத்தும் சுவிட்ச், சி.டி.ஐ. பெட்டியிலிருந்து வரும் ஒரு வயரைப் புவியுடன், அதாவது எஞ்சினின் உலோக உடலுடன், இணைத்து எஞ்சினை நிறுத்துகிறது. அந்தச் சுவிட்சினுள் உப்பும் பச்சைக் களிம்பும் படிந்திருந்தால், இரவுப் பனியில் அவை ஈரமாகி, யாரும் பொத்தானை அழுத்தாமலே அந்த வயரைப் புவியோடு இணைத்துவிடும். வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் தொடர்பு அறுந்து எஞ்சின் இயங்கும். எனது எஞ்சினில் நடந்தது இதுதான். யமஹா எஞ்சின்களில் நிறுத்தும் வயர் வெள்ளை நிறமும் புவி வயர் கறுப்பு நிறமும் கொண்டவை. சுவிட்சிலிருந்து வரும் அவ்விரண்டையும் பிரித்து, கிளிப்பை மாட்டிய நிலையில் அவற்றுக்கிடையே தடையை அளந்தால் ஊசி சற்றும் அசையக் கூடாது. எனக்குக் காலை ஆறு மணிக்கு ஊசி துடித்தது, நண்பகலில் அசையவில்லை.

வயரைப் பிரித்த நிலையில் பொறி வந்தால் சுவிட்சை மாற்றுங்கள். கழுவிப் போட்ட சுவிட்ச் எனக்கு இரண்டு வாரமே தாங்கியது. வயர் பிரித்திருக்கும்போது பொத்தானோ கிளிப்போ எஞ்சினை நிறுத்தாது என்பதால், அந்த நிலையில் ஒருபோதும் கரையை விட்டுப் புறப்படாதீர்கள். சோதனையின்போது இயங்கிவிட்டால் சோக்கை முழுவதும் இழுத்து நிறுத்தலாம்.

பொறி நன்றாக இருந்தால் பிளக்கின் முனையைப் பாருங்கள். நனைந்திருந்தால் எரிபொருள் மிகையாகிவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, திரொட்டிலைத் திறந்து சில முறை இழுக்க வேண்டும். உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. எரிபொருள் குழாயிலுள்ள இறப்பர்க் குமிழை அதன் அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அழுத்துங்கள். எவ்வளவு அழுத்தியும் இறுகாவிட்டால், அநேகமாகக் குழாய் இணைப்பின் இறப்பர் வளையம் காற்றை உறிஞ்சுகிறது. ஓடும்போது குமிழ் தட்டையாகச் சப்பிப்போனால் ரேங்க் பக்கத்தில் அடைப்பு இருக்கிறது. பின்னர் காபரேட்டர்க் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வருவதைப் போத்தலில் பிடித்துச் சிறிது நேரம் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகப் படியும். ஸ்டார்ட் செய்வதற்கென விற்கும் ஈதர் ஸ்பிரேயை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பயன்படுத்துவதை நான் எதிர்க்கிறேன். உள்ளே மசகாக இருக்கும் ஒயிலை அது கழுவிவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த மீனவர் ஒருவர், தமது எஞ்சின் காலையில் உடனே இயங்குவதாகவும், ஒரு மணி நேரம் ஓடிய பின் நிறுத்தினால்தான் மறுப்பதாகவும் கூறினார். இது வேறு பழுது. சூட்டோடு பிளக்கைச் சோதித்தபோது பொறி இல்லை. அரை மணி நேரம் ஆறிய பின் வந்தது. சூடேறும்போது, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலின் உட்சுற்று அறுபடுவதற்கான அடையாளம் இது, கொயிலை மாற்றிய பின் தீர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் வைத்திருப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் பற்றாது என்பதால், நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே பெற்றோலுக்கு மாற்றி ஓட்டி, காபரேட்டரில் பெற்றோல் நிறைந்த பின்னரே நிறுத்த வேண்டும். வலை இழுப்பதற்காகக் கடலில் நெடுநேரம் நிறுத்தி வைக்கும்போதும் இதையே செய்யுங்கள்.