குண்டுவீச்சு விமானத்தில் போய்த் திரும்பாதவரைத் தேடுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்த ஏறக்குறைய 1,25,000 பேரில் 55,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் ஒருவரைத் தேடப் புகுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு பெயரோடு நின்றுவிடுகிறார்கள். அவருடன் விமானம் ஏறிய அத்தனை பேரையும் சேர்த்துத் தேடுங்கள். என் வழி அதுதான்.

படி 1: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள்; கட்டணம் கிடையாது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் படை எண், ஸ்குவாட்ரன் (அவர் பறந்த விமான அணி), இறந்த தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ரன்னிமீட் நினைவகம்' என்றிருந்தால் அவருக்கென்று அறியப்பட்ட கல்லறை இல்லை.

படி 2: உடன் பறந்தவர்களைக் கண்டுபிடியுங்கள். லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தில் வழக்கமாக ஏழு பேர். லிங்கன் நகரிலுள்ள பன்னாட்டு பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புப் பட்டியல் இதற்கு உதவும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1943 மே 16 இரவு, ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்க 617 ஸ்குவாட்ரனின் 19 லங்காஸ்டர்கள் கிளம்பின. கனடியரான வெர்னன் பையர்ஸ் ஓட்டிய விமானம் டச்சுக் கரையருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் பெயரை மட்டும் தேடினால் ரன்னிமீடோடு வழி அடைபட்டுவிடும். ஆனால் பின்புறத் துப்பாக்கி வீரர் ஜேம்ஸ் மெக்டவலின் உடல் வாடன் கடலில் கிடைத்து, ஹார்லிங்கன் ஊர்க் கல்லறையில் அடக்கமாயிற்று. மற்ற அறுவரும் எந்தக் கடலில் மறைந்தார்கள் என்பதை அந்த ஒரு கல்லறை சொல்லிவிடுகிறது.

படி 3: லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' வரிசையைக் கேளுங்கள். ஸ்குவாட்ரன்களின் நடவடிக்கைப் பதிவேடுகள் அவை. படிவம் 541இல் ஒவ்வொரு விமானத்தின் குழுவும் புறப்பட்ட நேரமும் இருக்கும். திரும்பாத விமானத்துக்குப் பெரும்பாலும் ஓரிரு வரிதான். மனம் தளராமல், அன்றிரவு திரும்பியவர்கள் சொன்னதையும் படியுங்கள். வானில் தீப்பிடித்து விழுந்த விமானத்தை அவர்களில் யாராவது பார்த்திருக்கக்கூடும். தேதியில் கவனம் தேவை: 16ஆம் தேதி இரவு கிளம்பியவரின் இறப்பு 17 என்று பதிவாகியிருக்கலாம்.

படி 4: உயிரிழப்புக் கோப்புகள். பிரிட்டிஷ் கோப்புகள் 'ஏர் 81' வரிசையில் படிப்படியாகத் திறக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியர்களுக்கு அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏ705' வரிசை. கனடியர்களுக்கு அந்நாட்டு நூலக, ஆவணக் காப்பகத்தின் பணிக் கோப்புகள். நீங்கள் தேடுபவர் பிரிட்டிஷ்காரராகவே இருந்தாலும், குழுவில் ஓர் ஆஸ்திரேலியர் இருந்தால் அவர் கோப்பில் எல்லோருடைய முடிவும் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. போருக்குப் பின் காணாமற்போனோரைத் தேட அமைக்கப்பட்ட விமானப்படைக் குழுக்கள் ஊர் ஊராக விசாரித்து, புதைகுழிகளைத் தோண்டி அடையாளம் கண்டு எழுதிய அறிக்கைகளை அவற்றில் தேடுங்கள். ஜெர்மனியில் ஊர்க் கல்லறைகளில் கிடந்த பலரை ரைக்ஸ்வால்ட் போன்ற பெரிய போர்க் கல்லறைகளுக்குப் பின்னாளில் மாற்றினார்கள். ஆகவே விமானம் விழுந்த இடத்தை அறிய, முதலில் புதைக்கப்பட்ட ஊரின் பெயரை இந்த அறிக்கைகளில்தான் பார்க்க வேண்டும்.