பிள்ளை எடை குறைத்த பெருமையில் பெற்றோர் செய்யும் தவறுகள்

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுக்கும் வேலையில், பிள்ளைகளைவிடப் பெற்றோர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியவையே எனக்கு அதிகம். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கிய மகன் ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறான் என்றால் தாய் தந்தைக்குத் தலைகால் புரியாமல் போவது இயல்பு. அந்தப் பெருமையில் நான் குறை காணவில்லை. ஆனால் அது வெளிப்படும் விதத்தில் உள்ள சில பிழைகள், முன்பு என் வீட்டிலும் ஒலித்த அதே சொற்களில், புதிதாக வரும் பெற்றோர்களின் வாயிலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. கேலி செய்யக் கூடாது, பட்டினி போடக் கூடாது என்பதெல்லாம் எவரும் அறிந்தது, அவற்றை விட்டுவிடுகிறேன். நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதாலேயே தவறு என்று தோன்றாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எடையை ஊரறியச் சொல்வது

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் அடங்குவதில்லை. பிள்ளை இத்தனை கிலோ குறைத்துவிட்டான் என்ற செய்தி, அவனை ஒரு வார்த்தை கேட்காமல், ‘அன்று’, ‘இன்று’ என்று பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய இரண்டு படங்களோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடுகிறது. அனுப்பியவருக்கு அது பாராட்டு. அந்தப் படத்தில் இருப்பவனுக்கோ, தான் மறக்க நினைக்கும் உடம்பைச் சொந்தபந்தம் அனைவரும் பெரிதாக்கிப் பார்க்கும் நிகழ்ச்சி.

என்னிடம் வந்துகொண்டிருந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன், ஒரு தண்டால்கூட முழுதாக எடுக்க முடியாத நிலையில் தொடங்கி, ஓர் ஆண்டுக்குள் தன்னைவிட மூத்தவர்களுக்கு எடுத்துக் காட்டும் அளவுக்கு முன்னேறியவன். ஒரு நாள் அவனை அழைத்துப்போக வந்த தந்தை, கைப்பேசியில் இருந்த பழைய படத்தை அங்கே நின்ற மற்றப் பெற்றோர்களிடம் நீட்டி, “இவன்தான் அவன், நம்ப முடிகிறதா?” என்று சிரித்தார். பையன் பக்கத்தில் நின்றபடி சட்டையின் கீழ் விளிம்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். உடம்பு மெலிந்த பிறகும் கை மறக்காத பழக்கம் அது. அதற்கு அடுத்த வாரம் எடை பார்க்கும்போது காலணியோடு காலுறையையும் கழற்றினான். பின்னொரு நாள் கைக்கடிகாரத்தைக் கழற்றினான். அதற்கும் பிறகு, கால்சட்டைப் பையிலிருந்த சாவி, கைக்குட்டை, சில்லறை எல்லாவற்றையும் எடுத்து வரிசையாகப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுத்தான் எடைக் கருவியில் ஏறினான். பயிற்சிக்கு நடுவே தண்ணீர் குடிப்பதைக்கூட எடை பார்த்து முடியும்வரை தள்ளிப்போட்டான். சில மாதங்களில் அவனுடைய உயரம் கூடியது, தோள் அகன்றது, அவற்றுக்கு ஏற்ப எடையும் மூன்று கிலோ கூடியது. என் கண்ணுக்கு அது வளர்ச்சி. ஊரறிய வென்றவனுக்கோ அது ஊரறியத் தோற்பது. பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். தந்தையை அழைத்துக் கேட்டபோது, “வாய் நிறையப் பாராட்டத்தானே செய்தேன், நான் என்ன குறை வைத்தேன்?” என்றார். குறை வைக்கவில்லை, அளவு மீறிய சுமையை வைத்துவிட்டார்.

எடைக் கருவி காட்டும் எண் பிள்ளையின் கைக்குள் முழுதாக அடங்குவதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். குடித்த நீர், உணவில் இருந்த உப்பு, மலச்சிக்கல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நெருங்கும் நாள்கள் ஆகியவற்றால் ஓரிரு நாளுக்குள்ளேயே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கலாம். அதில் கொழுப்புக்கு ஏறக்குறைய எந்தப் பங்கும் இராது. இப்படித் தானாக ஆடும் ஓர் எண்ணோடு பெற்றோரின் முகமலர்ச்சியைக் கட்டிவிட்டால், பிள்ளை அந்த மலர்ச்சியைக் காப்பாற்ற எதையும் செய்யத் துணியும். காலை உணவை விடும். உண்டதை வாந்தி எடுக்கும். யாருக்கும் தெரியாமல் மாத்திரை தேடும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பதின்ம வயதினரையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, உடல் எடையைப் பற்றிப் பேசும் பெற்றோரின் பிள்ளைகளிடம் பத்தியமும் கேடான எடைக் கட்டுப்பாட்டு முறைகளும் அதிகமாக இருந்ததையும், எடையைத் தொடாமல் நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அவை குறைவாக இருந்ததையும் கண்டது. குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வீட்டில் எடைப் பேச்சைத் தவிர்க்கவும் குடும்பமாக அமர்ந்து உண்ணவும் சொல்கிறது.

பாராட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் பாராட்டலாம், ஆனால் உடம்பில் குறைந்ததை விட்டுவிட்டுப் பிள்ளை செய்ததைச் சொல்ல வேண்டும். “இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறாய்” என்றால், இதுநாள்வரை நன்றாக இல்லை என்று நீங்களும் நினைத்திருந்தீர்கள் என்பதே பிள்ளையின் காதில் விழும். “தேர்வு வாரத்திலும் பயிற்சியை விடவில்லையே” என்பதிலோ, “மாடி ஏறி வந்தும் மூச்சு வாங்காமல் பேசுகிறாயே” என்பதிலோ அந்த முள் இல்லை. உறவினர் எவரேனும் பிள்ளையின் எதிரிலேயே “எத்தனை கிலோ?” என்று தொடங்கினால், “அவன் இப்போது நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறான்” என்று பேச்சைத் திருப்புவது பெற்றோரின் பொறுப்பு. படத்தை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

பெரியவர்களின் கணக்கைப் பிள்ளைக்குப் போடுவது

உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் பிஎம்ஐ என்ற எண் இத்தனைக்குக் கீழே வந்தால்தான் வெற்றி என்று பெரியவர்களுக்கான அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். பதின்ம வயதினருக்கு அந்த எல்லைகள் பொருந்தா. வயதையும் பாலினத்தையும் கணக்கில் கொண்ட வளர்ச்சி வரைபடங்களைக் கொண்டே மருத்துவர்கள் கணிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு 2007-இலேயே அத்தகைய வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. வளரும் பிள்ளைக்கு எடை குறைந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் பல நேரங்களில் இல்லை. 150 செ.மீ. உயரத்தில் 60 கிலோ இருக்கும் பிள்ளையின் பிஎம்ஐ 26.7, எடை அப்படியே நிற்க உயரம் 160 செ.மீ. ஆனால் அது 23.4-ஆக இறங்கிவிடும். எடைக் கருவியில் ஒரு கிராம்கூடக் குறையாமல் உடம்பு சீராகிக்கொண்டிருக்கும் காலத்தில், “இன்னும் ஒன்றும் குறையவில்லையே” என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

குறைவதெல்லாம் நன்மைக்கே என்று நம்புவது

முன்பு பருமனாக இருந்த பிள்ளை உணவைக் குறைத்தால் அதை எல்லோரும் மன உறுதி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அனோரெக்சியா என்னும் உண்ணல் கோளாறுக்குரிய, எடை கூடிவிடுமோ என்ற அச்சமும் உணவு மறுப்பும் முழுமையாக இருந்து, பெருமளவு எடை இழந்த பின்னும் எடை மட்டும் இயல்பான அளவிலோ அதற்கு மேலோ இருக்கும் நிலையை, 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்னும் மனநல மருத்துவக் கையேடு தனியே குறிப்பிடுகிறது. இந்தப் பிள்ளைகளை எவரும் எலும்பும் தோலுமாகப் பார்ப்பதில்லை. அதனாலேயே நோய் முற்றும்வரை கைதட்டல் தொடர்கிறது. 1944-45-இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் நடத்திய மின்னசோட்டா பட்டினி ஆய்வில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் அரைப்பட்டினியில் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தபோது, உணவைத் தவிர வேறு நினைவே இல்லாதவர்களாகவும், சோர்வும் சிடுசிடுப்பும் மிக்கவர்களாகவும் மாறினார்கள். வளர்ந்த ஆண்களின் கதை இது. எலும்பு உறுதியின் பெரும்பகுதி, அதாவது ஏறத்தாழ 90 விழுக்காடு, பெண்களுக்கு 18 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது என்பதால், வளரும் உடம்பு அந்தக் காலத்தில் பட்டினி கிடந்தால் இழப்பைப் பின்னர் ஈடுசெய்வது கடினம்.

மாதவிடாய் நின்றுபோவது, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவது, மற்றவர்களுக்குக் குளிராத இடத்தில் பிள்ளைக்கு மட்டும் குளிர்வது, கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது காரணம் சொல்லி நழுவுவது, காயம் பட்ட நாளிலும் ஓடியே தீர வேண்டும் என்று அடம்பிடிப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பாராட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாதவிடாய் நின்றதை “கடுமையான பயிற்சி என்றால் அப்படித்தான்” என்று சொல்லும் பயிற்றுநர் யாராக இருந்தாலும், பிள்ளையை அவரிடமிருந்து விலக்கிவிடுவது நல்லது.

ஓட்டத்தைத் தண்டனையாக்குவது

“அதைத் தின்றாய் அல்லவா, போய் நாலு சுற்று ஓடிவிட்டு வா” என்று விளையாட்டாகச் சொல்வதுகூட வேண்டாம். 5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கமும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பந்து விளையாடுவதும் நடனமும் மிதிவண்டியும் அந்தக் கணக்கில் சேரும். உண்டதற்குக் கழுவாயாக ஓடும் பிள்ளை, கேட்க ஆளில்லாத வயது வந்ததும் ஓட்டத்தைத்தான் முதலில் விடும்.

ஒருவருக்கு மட்டும் தனித் தட்டு

வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல். முடியாதென்றால் பிள்ளைக்கு அறிவுரையும் வேண்டாம்.

உடன்பிறந்தவரை அளவுகோலாக்குவது

“அண்ணனைப் பார், எப்படி ஆகிவிட்டான்!” ஒரே வாக்கியத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் காயம்.

புரோட்டீன் பவுடர்

ஒழுங்காகச் சாப்பிடும் பதின்ம வயதினருக்குத் தேவையில்லை. எனர்ஜி டிரிங்க் அறவே கூடாது.

தூக்கத்தைத் திருடிப் பயிற்சி

13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நள்ளிரவுவரை படித்துவிட்டு விடியற்காலையில் ஓடுவதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள்.

எடை கூடும்போது முகம் மாறுவது

கொஞ்சம் எடை திரும்பக் கூடுவது விதிவிலக்கு அன்று. எடை குறைந்த உடம்பில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. பழைய எடைக்குத் திரும்ப உடம்பே முயல்கிறது. உயரம் கூடும் வயதில், எலும்பும் தசையும் தம் பங்கை வேறு சேர்க்கின்றன. குறைந்தபோது ஆர்ப்பரித்த வீடு கூடும்போது அமைதியாகிவிட்டால், பிள்ளை அந்த அமைதிக்கான காரணத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்ளும். குறையும்போது எடையைப் பற்றிப் பேசாத வீட்டுக்கு, கூடும்போது பேச்சை மாற்ற வேண்டிய சங்கடமே இல்லை. குறுகிய காலத்தில் நிறையக் கூடினால் மருத்துவரிடம் வளர்ச்சி வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள். மற்றபடி பயிற்சி நேரம், சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம் எல்லாம் முன்போலவே நடக்கட்டும். சட்டை இறுக்கமானால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அளவில் வாங்கிக் கொடுங்கள். சிறிதாகிவிட்ட சட்டையை ‘இலக்கு’ என்று சொல்லி அலமாரிக் கதவில் தொங்கவிடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது; அதை இன்றைக்கே எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாம்.