காலேஜில் சேரலாமா வேண்டாமா: ஒரு நோட்டோடு உட்கார்ந்து முடிவெடுப்பது எப்படி

போன வருஷம் அக்கா மகள் ஒரு கல்லூரியின் கட்டண விவரத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "மாமா, இதுல சேரலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. எந்தப் படிப்பு, மொத்தம் எவ்வளவு ஆகும், கடைசி வரை படித்து முடிப்பாயா, முடித்த பிறகு என்ன செய்யப்போகிறாய் என்று வரிசையாகக் கேட்டேன். பாதிக்கு அவளிடம் பதில் இல்லை, மீதிக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. அப்புறம் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தோம், முடிவுக்கு வர மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்தில் செய்ததைத்தான் எழுதுகிறேன். பட்டம் இல்லாவிட்டால் வாழ்க்கையே இல்லை என்பவர்களும் சரி, டிகிரி எல்லாம் வேஸ்ட் என்பவர்களும் சரி, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே பேசுகிறார்கள், நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது பதினெட்டு வயதுப் பிள்ளைகள்.

முதல் பக்கத்தில் செலவு. கல்லூரி கேட்கும் கட்டணம் அதில் ஒரு வரிதான். தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப், விடுதி, போக்குவரத்து, அரியர் விழுந்து ஒரு வருஷம் இழுத்தால் அதற்கு ஆவது, எல்லாவற்றையும் எழுதுங்கள். சாப்பாட்டுச் செலவை முழுசாகச் சேர்க்காதீர்கள், வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தான் போகிறோம், வெளியே தங்குவதால் கூடுகிற தொகையை மட்டும் போட்டால் போதும். இதற்குக் கீழே பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற ஒரு வரி உண்டு. படிக்காமல் நேராக வேலைக்குப் போயிருந்தால் அந்த வருஷங்களில் கைக்கு வந்திருக்கும் சம்பளம்தான் அது. பொருளாதாரம் படித்தவர்கள் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். மொத்தச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுப் பணமானாலும் சரி. வேலைக்குப் போனால் வருஷத்துக்கு 20 கிடைத்திருக்கும் என்றால் நான்கு வருஷத்துக்கு 80. ஆக அந்தப் பட்டத்தின் உண்மையான விலை 180.

இப்போது வரவைப் பாருங்கள். பட்டத்தோடு வேலைக்குப் போகிறவருக்கு வருஷம் 32, நான்கு வருஷ அனுபவத்தோடு நிற்கிற மற்றவருக்கு 24 என்றால் வித்தியாசம் 8தான், போட்ட 180-ஐ எடுக்க இருபத்திரண்டரை வருஷம் ஆகும். அதே வித்தியாசம் 20 என்றால் ஒன்பதே வருஷம். இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு, ஆரம்பத்தில் சின்னதாக இருக்கிற வித்தியாசம் வயது ஏற ஏறப் பெரும்பாலும் விரிந்துகொண்டே போகும், அதனால் முதல் மாதச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பட்டத்தை எடைபோட்டுவிடக் கூடாது, பத்து வருஷம் கழித்து அந்தத் துறையில் என்ன கிடைக்கிறது என்பதையும் விசாரித்து எழுத வேண்டும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து சாகரோபுலோஸ், பாட்ரினோஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி, கூடுதலாகப் படிக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் வருமானம் சராசரியாகச் சுமார் 9% கூடுகிறது. படிப்பு வீண் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது என்பதற்கு இது போதும். ஆனால் அது உலகத்துக்கே சராசரி, நீங்கள் சேரப்போவது ஒரே ஒரு கல்லூரியில், ஒரே ஒரு படிப்பில்.

கடன் வாங்குவதாக இருந்தால் இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள். படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், பெரும்பாலான கடன்களில் வட்டி மட்டும் அப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான்கு வருஷத்துக்கு, வருஷ ஆரம்பத்தில் 25 வீதம் 100 வாங்குகிறீர்கள், வட்டி 10% என்று வையுங்கள். படிக்கும்போது தனிவட்டி மட்டும் என்றாலும் படிப்பு முடிகிற அன்றைக்குக் கடன் 125 ஆகியிருக்கும். அதைப் பத்து வருஷத் தவணையாகக் கட்டினால் மாதம் சுமார் 1.65, மொத்தம் சுமார் 198. வாங்கியதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த எண்ணைப் பார்த்ததும் அக்கா மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். என் கருத்து என்னவென்றால், முதல் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போகிற மாதிரி இருந்தால் அந்தக் கடனை வாங்காதீர்கள், குறைந்த செலவில் அதே படிப்பு வேறு எங்கே கிடைக்கிறது என்று தேடுங்கள்.

அடுத்து, நீங்கள் போக நினைக்கிற வேலைக்குப் பட்டம் எதற்குத் தேவைப்படுகிறது என்று பிரித்துப் பாருங்கள். மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர் மாதிரி வேலைகளில் உரிமம் இல்லாமல் உள்ளே போக முடியாது, உரிமத்துக்குப் படிப்பு கட்டாயம், அங்கே பட்டம் தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை, எங்கே மலிவாகவும் ஒழுங்காகவும் படிக்கலாம் என்பதுதான் கேள்வி. புரோகிராமிங், டிசைன், போட்டோகிராபி, விற்பனை இதிலெல்லாம் செய்த வேலையைக் காட்டி உள்ளே போனவர்கள் நிறைய இருக்கிறார்கள். மூன்றாவது ரகம்தான் குழப்பமானது. வேலை செய்யப் பட்டம் தேவையே இல்லை, ஆனாலும் விளம்பரத்தில் பட்டதாரி வேண்டும் என்று போட்டிருப்பார்கள். இது ஏன் என்பதைப் பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-லேயே விளக்கினார், அந்த வகை ஆய்வுகளுக்காக 2001-ல் நோபல் பரிசும் பகிர்ந்துகொண்டார். வேலை கொடுப்பவருக்கு உங்கள் திறமை வெளியிலிருந்து தெரியாது, கஷ்டமான ஒன்றை முடித்துக் காட்டியிருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளமாகப் பட்டத்தைப் பார்க்கிறார் என்பதுதான் சாரம். உங்கள் வேலை இந்த ரகம் என்றால், அதே அடையாளத்தைத் தருகிற மிகக் குறைந்த விலைப் பட்டமே போதும், அதற்காகப் பெரிய கடனில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி விசாரணை, இதில்தான் நேரத்தைக் கொட்ட வேண்டும். கல்லூரிகள் சராசரிச் சம்பளம் என்று ஒன்றைப் பெரிய எழுத்தில் போடும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 20, ஒருவருக்கு 320 கிடைத்தால் சராசரி 50 வரும். அந்தப் பத்துப் பேரில் 50 வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. அதனால் எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் படிப்புக்குத் தொடர்புள்ள வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம் அங்கே படித்தவர்களிடம் பேசுங்கள். கல்லூரி கைகாட்டுகிற ஆட்கள் வேண்டாம், நீங்களாகத் தேடிப் பிடியுங்கள், இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் முடித்தவர்களாக இருந்தால் நல்லது. எங்கள் பெண் நான்கு பேரைப் பிடித்தாள். "காலேஜ் நல்லா இருக்கா" என்று கேட்டபோது நான்கு பேரும் நல்லா இருக்கு என்றுதான் சொன்னார்கள். ஐந்தாவதாக ஒரு அண்ணனிடம், "லேப்ல உங்க பேட்ச்ல எத்தனை பேர், ஓடுற மெஷின் எத்தனை" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "நாப்பது பேரும்மா, ஓடுறது ஆறு" என்றார். மேசையில் கிடந்த அந்தக் கட்டணத் தாளின் அட்டையில் இருந்தது அதே லேபின் படம்தான். நல்லதா கெட்டதா என்று கேட்டால் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேச மனம் வராது, எத்தனை, எப்போது, யார் எடுத்தார்கள் என்று கேட்டால் உண்மை தானாக வெளியே வரும்.

பேர் பெற்ற கல்லூரி என்பதற்காகவே அதிகம் கொடுக்கலாமா என்றால், அமெரிக்காவில் 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களை வைத்து ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் செய்து 2002-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரி கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களில், கடும் போட்டியுள்ள கல்லூரிக்குப் போனவர்களும் அதை விட்டுவிட்டு வேறு கல்லூரிக்குப் போனவர்களும் பிற்பாடு ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். இதற்கு விலக்கு, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு அந்தக் கல்லூரி உண்மையிலேயே உதவியிருக்கிறது. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறீர்கள், வழிகாட்ட ஆளில்லை என்றால் நல்ல கல்லூரியில் கிடைக்கும் தொடர்புகளுக்குத் தனி மதிப்பு உண்டு, அதைக் கணக்கில் சேருங்கள்.

உழைப்புக்கும் ஒரு கணக்கு போட வேண்டும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு வருஷப் படிப்பை 60 கிரெடிட் என்று வைத்து, அதற்கு 1500 முதல் 1800 மணி நேர உழைப்பு என்று கணக்கிடுகிறார்கள். மூன்று வருஷத்துக்கு 4500 மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரம் இந்தப் பாடத்தோடு உங்களால் உட்கார முடியுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே சோதிக்கலாம், செலவே இல்லை. முதல் வருஷப் பாடத்திட்டத்தை இறக்கி, கடினமாகத் தெரிகிற ஒரு பாடத்தை எடுத்து இரண்டு வாரம் தினமும் இரண்டு மணி நேரம் படியுங்கள், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2001-ல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் மாதிரி இலவசப் பாடங்கள் இதற்கு அருமையாகப் பயன்படும். மூன்றாம் நாளே நோட்டை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கத் தோன்றினால் அதை மனதுக்குள் மறைக்காதீர்கள்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கடன் வாங்கிச் சேர்ந்து பாதியில் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு, தவணை முழுசாக வரும், பட்டம் வராது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பின் 2019 கல்வி அறிக்கைப்படி, இளநிலைப் படிப்பில் சேர்ந்தவர்களில் குறித்த காலத்தில் முடிப்பவர்கள் சுமார் 40%தான், மூன்று வருஷம் கூடுதலாகக் கொடுத்தாலும் மூன்றில் இரண்டு பங்குதான். சேர்கிற அன்றைக்கு நாம் முடிக்க மாட்டோம் என்று யாரும் நினைப்பதில்லை. பில் கேட்ஸ் முடிக்கவில்லையே என்பார்கள். 1975-ல் ஹார்வர்டை விட்டு அவர் வெளியே வந்தபோது கையில் மைக்ரோசாஃப்ட் இருந்தது, பின்னால் வசதியான குடும்பம் இருந்தது. உங்களுக்கும் அப்படி ஒன்று கையில் இருந்தால் தாராளமாக யோசியுங்கள்.

கல்லூரி இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் 300-க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இரண்டு முதல் மூன்றரை வருஷப் பயிற்சி இருக்கிறது, நிறுவனத்தில் வேலை கற்றுக்கொண்டே வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குப் போவார்கள், அதற்கு உதவித்தொகையும் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே தொலைதூரக் கல்வியில் படிக்கலாம், ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் சேரலாம். ஒரு வருஷம் பின்னால் போய்விடுவோமே என்ற பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் தப்பான படிப்பில் மாட்டினால் போவது அதைவிட அதிகம். பணத்துக்காக இல்லாமல் வரலாறோ இலக்கியமோ ஆசைப்பட்டுப் படிப்பவர்களைத் தடுக்கவே கூடாது என்று நினைப்பவன் நான், அந்தப் படிப்பைக் கடனில்லாத வழியில் படியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

ஏற்கெனவே உள்ளே இருந்து தவிக்கிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதுவரை கட்டிய பணத்தை நோட்டில் எழுதாதீர்கள், அது போனது போனதுதான், இனி ஆகப்போகிற செலவையும் இனி கிடைக்கப்போவதையும் மட்டும் எழுதுங்கள். கடைசி வருஷத்தில் இருக்கிறீர்கள் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்பதுதான் பெரும்பாலும் லாபம், மூன்று வருஷம் படித்ததற்குத் தனியாக மதிப்பு கொடுப்பவர்கள் குறைவு. முதல் செமஸ்டரிலேயே ஒத்துவரவில்லை என்றால் சீக்கிரம் வெளியே வருவது நல்லது. ஆனால் சும்மா வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். அலுவலகத்தில் எழுத்து மூலமாகத் தற்காலிக விலகல் கேளுங்கள், பாஸ் ஆன பாடங்களுக்கு மதிப்பெண் சான்றிதழை வாங்குங்கள், பாடங்களின் கிரெடிட்டை வேறு கல்லூரிக்கு மாற்ற முடியுமா, மீதிக் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், அதற்குக் கடைசித் தேதி என்ன என்று கேட்டு அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அசல் சான்றிதழ்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள்.